இரண்டேகால் மணி நேரத் தூரம்

அந்த டிராவல்ஸ் அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் டிக்கெட்டக்கா. கீழே மருந்துக் கடை வைத்திருந்தவர் முதல் மாடியில் இருந்த பல் டாக்டர் வரை எல்லாருக்கும் அவள் டிக்கெட்டக்காதான். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூடக் கொஞ்சமும் கூச்சப்படாமல், "டிக்கெட்டக்கா, நம்ம மருமகளுக்கு ஒரு சீட் பாருங்க" என்று வந்து நிற்பார்கள். வாசல் பலகையில் என்னவோ முதலாளியின் பெயர்தான் பெரிதாக எழுதியிருந்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி அந்த இடத்தைத் தேடிக்கொண்டு யாரும் வந்ததாகத் தெரியவில்லை.

அவள் மேஜையில் வியாபாரம் முக்கால்வாசி கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரே ஒரு நகரத்தோடுதான். இங்கே வீட்டுக்கு ஒருவர் அங்கே வேலையில் இருந்தார்கள். டிக்கெட்டை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்க்கிறவர்கள் எல்லாம் அநேகமாக ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். போகும்போது மதியம் ஒன்றேகாலுக்குக் கிளம்பி இரண்டரைக்கு இறங்குகிறது. வரும்போது நாலு மணிக்குக் கிளம்பி ஏழேகாலுக்கு இறங்குகிறது. அதே விமானம், அதே வானம். போக ஒன்றேகால் மணி நேரம், வர மட்டும் மூன்றேகால் மணி நேரமா?

"போறப்ப இறக்கம், வர்றப்ப ஏத்தம். மூச்சு வாங்கி வாங்கித்தானே ஏறணும்?" என்பாள் அவள், முகத்தைத் துளியும் மாற்றாமல். கேட்டவர் பாதி நம்பித் தலையாட்டுகிற வரைக்கும் பொறுத்திருந்து, பிறகு சிரித்துவிட்டு விளக்குவாள். அங்கே கடிகாரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. கிளம்புகிற நேரம் கிளம்புகிற ஊர்க் கணக்கு, இறங்குகிற நேரம் இறங்குகிற ஊர்க் கணக்கு. போனாலும் வந்தாலும் ஆகாயத்தில் இருப்பது இரண்டேகால் மணி நேரம்தான். ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் என்று சொல்லி யாரையும் அவள் மிரட்டியதில்லை. "கூப்பிடு தூரங்க. ஒரு படம் பார்த்து முடிக்கிறதுக்குள்ள இறங்கிடலாம்" என்று சொல்லி டிக்கெட்டை உறையில் போட்டுக் கொடுப்பாள்.

அந்தக் கூப்பிடு தூரத்தில்தான் அவள் தம்பி இருந்தான்.

அம்மா போனபோது அவன் அரைக்கால் சட்டை போடுகிற வயது. அப்பா அதற்கும் முன்னாலேயே வேறு குடும்பம், வேறு ஊர் என்று ஒதுங்கிக்கொண்டவர். அக்கா படிப்பை விட்டுவிட்டு இந்த மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். யாராவது கல்யாணப் பேச்சை எடுத்தால், முதலில் இவன் கரையேறட்டும் என்பாள். அவன் கரையேறினான், லிஃப்ட் மெக்கானிக் ஆனான், கடலையும் தாண்டிப் போனான். அதற்குள் கல்யாணப் பேச்சை எடுப்பவர்கள்தான் ஒருவரும் மிச்சமில்லை. அதில் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. குறை இல்லை என்று சொல்லிச் சொல்லி அப்படியே பழகியும் விட்டது.

அவன் போன புதிதில் இவள் காலையில் எழுந்த கையோடு போன் அடிப்பாள். அங்கே அவன் போர்வைக்குள் கிடப்பான். "உனக்கு விடிஞ்சா எனக்கும் விடிஞ்சிடுமாக்கா?" என்று ஒருநாள் அலுத்துக்கொண்டான். அன்றைக்கே அவள் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிக் கட்டிக்கொண்டாள். இந்த ஊர் நேரத்துக்கு என்ன பஞ்சம்? அலுவலகச் சுவரில் இருக்கிறது, கம்ப்யூட்டரில் இருக்கிறது, போனில் இருக்கிறது. கையில் இருப்பது தம்பியின் நேரமாக இருக்கட்டும். கையைத் திருப்பினால் போதும், இப்போது கிளம்பியிருப்பான், இப்போது சாப்பிடுவான், இப்போது வேலை முடிந்து சட்டையில் கிரீஸ் கறையோடு பஸ்ஸில் நின்றுகொண்டிருப்பான் என்று தெரிந்துவிடும். யாராவது வழியில் மணி கேட்டால் ஒரு மணி நேரம் கூட்டிச் சொல்வாள். அது அவளுக்குக் கண் சிமிட்டுகிற மாதிரி, யோசிக்கவே வேண்டாம்.

"ஊருக்கெல்லாம் நேரம் சொல்றே, உன் கடிகாரம் மட்டும் தப்பு" என்பார் முதலாளி.

"தப்பில்ல சார். அது வெளியூர்" என்பாள்.

கையில் அவன் நேரத்தைக் கட்டிக்கொண்டு ஆறு வருடம் திரிந்தவள், அந்த ஊர் வாசலை ஒரு தடவையாவது மிதித்தாளா என்றால் இல்லை. இத்தனைக்கும் அவளுக்கு டிக்கெட் பாதி விலைக்குக் கிடைக்கும். பள்ளி விடுமுறை வந்தால் ஊரே அவள் மேஜையைச் சுற்றி நிற்கும், அப்போது எப்படிப் போவது? விடுமுறை முடிந்தால் முதலாளி ஓய்வெடுக்கப் போய்விடுவார், கடையை யார் பார்ப்பது? அதோடு என்ன அவசரம், இரண்டேகால் மணி நேரம்தானே, நினைத்தால் நாளைக்கே போகலாம். உலகத்தின் அந்தக் கோடியில் இருந்திருந்தால் அழுது புரண்டாவது, லீவு கேட்டுச் சண்டை போட்டாவது என்றைக்கோ போய்ப் பார்த்திருப்பாள். பக்கத்தில் இருந்ததுதான் வினை.

முதல் மூன்று வருடம் அவன்தான் வந்துபோனான். பிறகு அவன் கம்பெனியில் ஆளைக் குறைத்தார்கள். இருந்தவர்கள் தலையில் எல்லாம் ஏறியது, லீவு கேட்டால் முறைத்தார்கள். நீயாவது வாயேன் என்று அவன் கூப்பிட ஆரம்பித்தான். உன் அறையில் எங்கேடா படுப்பது, எனக்கு உயரமான தலையணை இல்லாவிட்டால் கழுத்து பிடித்துக்கொள்ளும் என்று இவள் சாக்கு சொல்லுவாள். அதற்கு அவன் சிரிப்பான்.

போனில் பேசுவதில் அவளுக்கு எப்போதுமே நம்பிக்கை கிடையாது. நாளெல்லாம் போனில் பேசிப் பிழைக்கிறவளுக்குப் போன் என்றால் தொழில். சொந்தப் பேச்சு என்றால் எதிரே முகம் வேண்டும். அவன் "அக்கா, ஒரு விஷயம்" என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் மேஜைக்கு எதிரே யாராவது பாஸ்போர்ட்டை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். இரு, நேரில் வருகிறேன், உட்கார்ந்து பேசலாம் என்று வைத்துவிடுவாள். அப்படி எத்தனை விஷயங்கள் நேருக்காகக் காத்துக் கிடந்தன என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

அன்று காலை அலுவலகத்தில் விளக்கைப் போட்டு உட்கார்ந்த சற்று நேரத்தில் போன் வந்தது. தம்பியின் எண்தான், ஆனால் குரல் வேறு. அவனோடு ஒரே அறையில் இருந்த வெல்டர். தம்பி பேசும்போது பின்னால் சிரிக்கிற குரலாகத்தான் இதுவரை அவனை அவளுக்குத் தெரியும். இப்போது அந்தக் குரலில் சிரிப்பு இல்லை. முந்தின நாள் ஏதோ கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டதாம். லிஃப்ட்டைச் சரி செய்யப் போகிறவன் மாடிப்படி ஏறித்தானே போக வேண்டும்? பாதிப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். இதயத்துக்குப் போகிற குழாய்கள் எல்லாம் அடைத்துக் கிடக்கின்றனவாம். இன்றைக்கே ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள்.

"நாலு மணிக்கு உள்ள கொண்டு போறாங்களாம். அதுக்குள்ள வந்துட முடியுமாக்கா? அவன் உங்களையே கேட்டுட்டு இருக்கான்."

வந்துவிடுவேன் என்றாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, ஆனால் விரல் மட்டும் பழக்கத்தில் ஓடியது. ஒன்றேகால் விமானத்தில் ஜன்னலோரம் ஒரு சீட் இருந்தது. தன் பெயரைத் தட்டினாள். அத்தனை வருடத்தில் தன் பெயருக்கு அவள் போட்ட முதல் டிக்கெட் அது. இரண்டரைக்கு இறங்கி, வெளியே வந்து, டாக்சி பிடித்தால் மூன்றரைக்கு ஆஸ்பத்திரி. உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் அரை மணி நேரம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்காரலாம். அந்த அரை மணி நேரம்தான் அவளுக்கு வேண்டியிருந்தது. வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

நாலு மணி என்று வெல்டர் சொன்ன அந்த நிமிடத்திலிருந்து அவள் உடம்பு மட்டும்தான் இந்த ஊரில் இருந்தது. மனசு அங்கே போய்விட்டது. வீட்டுக்கு ஓடி, என்றைக்கோ எடுத்து வைத்த பாஸ்போர்ட்டையும் இரண்டு புடவையையும் பையில் திணிக்கும்போதும் கடிகாரத்தைப் பார்த்தாள், டாக்சியில் உட்கார்ந்தும் பார்த்தாள். நாலு மணிக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது? கடிகாரம் அவன் நேரத்தைச் சொல்லியது, அவளும் அவன் நேரத்தையே எண்ணிக்கொண்டிருந்தாள். கூட்ட வேண்டிய ஒரு மணி நேரத்தைக் கூட்ட அவள் அப்போது இங்கே இல்லை.

விமான நிலையத்துக்குள் நுழைந்தபோது கடிகாரம் பத்து நாற்பது காட்டியது. கவுண்ட்டரை ஒரு மணி நேரம் முன்னால் மூடிவிடுவார்கள் என்பது அவளுக்குப் பாடம். வருகிற ஒவ்வொருவரிடமும், "அப்புறம் அழுதாலும் திறக்க மாட்டாங்க, முன்னாடியே போய் நில்லுங்க" என்று சொல்லி அனுப்புகிறவள் அவள். பன்னிரண்டேகாலுக்குத்தான் மூடுவார்கள், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கிடக்கிறது. உண்மையில் மணி பதினொன்று நாற்பது. கிடந்தது அரை மணி நேரம்தான்.

அப்போது போன் அடித்தது. இந்தத் தடவை தம்பியே பேசினான். கவுண்ட்டரில் நின்றுகொண்டு பேச முடியாது, உள்ளே சோதனைக்குப் போனால் போனைப் பிடுங்கித் தட்டில் போடச் சொல்லுவார்கள். பேசிவிட்டே போகலாம் என்று, சத்தமில்லாத இடமாகப் பார்த்துக் கண்ணாடிச் சுவரின் ஓரம், வெளியே சாலையைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்தாள். கூடத்தின் நடுவில் பெரிய பலகையில் இந்த ஊர் மணி எரிந்துகொண்டுதான் இருந்தது. அது அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. போனில் இருந்த மணி காதோடு ஒட்டிக்கிடந்தது. கண்ணெதிரே இருந்தது கைக்கடிகாரம் ஒன்றுதான்.

"எங்கேக்கா இருக்கே?" அவன் குரலில் பாதிதான் வந்தது.

"ஏர்போர்ட்லடா. வந்துட்டே இருக்கேன்."

"நேரமாகலையா?"

கையைத் திருப்பிப் பார்த்தாள். "நிறைய நேரம் இருக்கு. நீ பேசு."

நீ பேசு என்றாளே ஒழிய, பேசியதெல்லாம் அவள்தான். பயந்துவிட்டால் அவளுக்கு வாய் ஓயாது. நேரத்துக்குச் சாப்பிட்டானா, கண்ட எண்ணெயில் பொரித்ததைத் தின்றானா என்று திட்டினாள். ஆஸ்பத்திரியில் போர்வை சுத்தமாக இருக்கிறதா என்று கேட்டாள். சின்ன வயதில் ஊசிக்குப் பயந்து டாக்டரின் மேஜைக்கு அடியில் ஒளிந்துகொண்டதைச் சொல்லிச் சிரித்தாள். நல்லபடியாக ஆனதும் ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவதாகவும், இங்கே லிஃப்ட்டுக்கா பஞ்சம் என்றும் சொன்னாள். பல் டாக்டர் மாடி ஏற முடியாமல் புலம்புகிறார், எங்கள் கட்டடத்துக்கே ஒரு லிஃப்ட் வைக்கச் சொல்லி உன்னையே வேலைக்குச் சேர்த்துவிடுகிறேன் என்றாள். அவன் "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தான். நடுவில் இன்னொரு தடவையும் நேரமாகவில்லையா என்று கேட்டான். அவள் மறுபடியும் கையைப் பார்த்துவிட்டு, கவலைப்படாதே என்றாள்.

கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு அவன் சொன்னான். "அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

ஆபரேஷனுக்குப் போகிறவன் இப்படி ஆரம்பித்தால் அது நல்ல பேச்சாக இருக்காது என்று அவளுக்குப் பட்டது. அதைக் கேட்டுவிட்டால் ஏதோ முடிந்துபோகும், கேட்காமல் இருந்தால் அவன் அதைச் சொல்வதற்காகவாவது இருப்பான் என்று நினைத்தாள். நினைத்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது, பயம்தான் அவளுக்காக நினைத்தது.

"இப்ப ஒண்ணும் சொல்லாதே. நேர்ல வந்து கேக்கறேன். ரெண்டேகால் மணி நேரந்தானேடா."

"சின்ன விஷயந்தான்கா."

"சின்ன விஷயம்னா அப்புறம் சொல்லிக்கலாம். மூச்சை வீணாக்காதே."

அவன் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. "சரி. ஃப்ளைட்டை விட்டுடாதே."

"நானா? ஊருக்கே டிக்கெட் போடறவ, நான் விடுவேனா?"

"சரிக்கா. வா."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கடிகாரத்தில் பதினொன்றரை. மெதுவாகவே நடந்து கவுண்ட்டருக்குப் போனாள். அங்கே வரிசை இல்லை. உள்ளே இருந்த பெண் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். டிக்கெட்டைப் பார்த்தவள், மூடிப் பதினைந்து நிமிடம் ஆகிவிட்டது என்று சொன்னாள்.

"என்னம்மா சொல்றீங்க, இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கே" என்று சொல்லி டிக்கெட்டக்கா தன் கடிகாரத்தைக் காட்டக் கையை நீட்டினாள்.

நீட்டிய கையைப் பார்த்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. கை அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பெண் தன் பின்னால் இருந்த கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு இவள் கையைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

அதன் பிறகு அவள் கெஞ்சாத ஆள் இல்லை. கவுண்ட்டர் பெண்ணைக் கெஞ்சினாள், அவளுக்கு மேலே இருந்த அதிகாரியைக் கெஞ்சினாள். யாரும் கல்நெஞ்சுக்காரர்கள் இல்லை. அந்தப் பெண்ணுக்குக் கண்கூடக் கலங்கியது. ஆனால் எல்லாம் மூடியாகிவிட்டது. அழுதாலும் திறக்க மாட்டார்கள் என்று எத்தனையோ பேருக்குச் சொன்னவள் அன்றைக்கு அழுது பார்த்தாள். திறக்கவில்லை. ஒன்றேகாலுக்கு விமானம் கிளம்பியதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஜன்னலோரத்தில் ஒரு சீட் காலியாகப் போனது.

மாலை விமானம் நிரம்பிக் கிடந்தது. தெரிந்த டிராவல்ஸ்காரர்கள் ஒருவர் விடாமல் எல்லாரையும் போனில் பிடித்தாள். யார் யாருக்கோ இல்லாத சீட்டை எங்கிருந்தோ பிடுங்கிக் கொடுத்தவளுக்கு, அன்றைக்கு ஒரே ஒரு சீட் கிடைக்கவில்லை. மறுநாள் காலையில்தான் இடம் இருந்தது.

தம்பியின் போனுக்கு அடித்தாள். வெல்டர் எடுத்தான். ஊசி போட்டிருக்கிறார்கள், அரைத் தூக்கத்தில் இருக்கிறான் என்றான். ஏறிவிட்டீர்களா என்று கேட்டான்.

"அக்கா வந்துட்டே இருக்குன்னு சொல்லுப்பா" என்றாள்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. அதே கண்ணாடிச் சுவர் ஓரத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடிகாரத்தில் இரண்டரை ஆனபோது, இப்போது இறங்கியிருப்பேன் என்று நினைத்தாள். மூன்றானபோது டாக்சியில் இருந்தாள். மூன்றரைக்கு ஆஸ்பத்திரிப் படியேறி, வார்டைக் கேட்டு, திரையை விலக்கி அவன் தலைமாட்டில் போய் நின்றாள். நாலு மணி வரை அவன் கையை விடவில்லை. கூடத்தில் யார் யாரோ பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பக்கத்து நாற்காலியில் ஒரு குழந்தை பிஸ்கட்டைச் சிந்திக்கொண்டு தின்றது.

வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தபோது வெல்டர் கூப்பிட்டான். அவன் பேசவே இல்லை, அழுதான். அவள் போனைக் காதிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவன் அழுகை மடியிலிருந்து மெல்லியதாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை அவள் முதன்முதலாக விமானத்தில் ஏறினாள். இரண்டேகால் மணி நேரம்தான். அவள் எல்லாரிடமும் சொன்னது பொய்யில்லை. ஒரு படம் பார்த்து முடிக்கிறதுக்குள்ளே இறங்கிவிட்டது. சக்கரம் தரையைத் தொட்டதும் அந்த ஊர் மணியை அறிவித்தார்கள். பக்கத்து சீட்டுக்காரர், முன் சீட்டுக்காரர், எல்லாரும் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைச் சரி செய்துகொண்டார்கள். அவள் கடிகாரம் மட்டும் சரியாக இருந்தது.

எல்லாம் அங்கேயே முடிந்தது. கம்பெனியிலிருந்து நாலு பேர் வந்து நின்றார்கள், நல்ல பையன் என்றார்கள். அவன் முகத்தை அவள் பார்த்தாள். சவரம் செய்துகொள்ளாமல் இருந்தான். அது ஒன்றுதான் அவள் மனதில் நின்றது, இரண்டு நாளாகச் சவரம் செய்யவில்லை என்பது.

பிறகு வெல்டர் அவளை அவர்கள் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனான். நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரு மாடிக்கு இரண்டு தடவை நின்று ஏறினாள். லிஃப்ட்காரனுக்கு லிஃப்ட் இல்லாத வீடா என்று வேறொரு நாளாக இருந்தால் கேலி செய்திருப்பாள். இரண்டு கட்டில், ஒரு ஸ்டவ், கொடியில் காய்ந்த சீருடைச் சட்டை. இத்தனை வருடமும் கையைப் பார்த்துப் பார்த்து மனசுக்குள் அவள் கட்டி வைத்திருந்த அறை இதைவிடக் கொஞ்சம் பெரியது.

அவனுடைய சாமான்களை எடுத்து வைக்க வெல்டர் ஸ்டூல் போட்டு மேல் பரணில் ஏறினான். ஒரு பெட்டியை இறக்கினான். அதற்குப் பின்னால் இருந்ததையும் இறக்கி அவள் முன்னால் வைத்தான். பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு தலையணை. நல்ல உயரமான தலையணை.

"மூணு வருஷமா மேலதான் இருக்கு. கழுத்து வலிக்குதுன்னு ஒருநாள் நான் எடுத்தேன், கத்திட்டான். அக்கா வரும், அதுக்கு வாங்கி வெச்சதுன்னான்."

அவள் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தொட்ட இடமெல்லாம் உறை சரசரத்தது. தூசியை முந்தானையால் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, அவன் என்னிடம் ஏதோ சொல்ல வேண்டும் என்றானே, உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். வெல்டர் தலையைக் குனிந்துகொண்டான். கடைசியாக என்ன சொல்ல நினைத்தான் என்று தனக்குத் தெரியாது என்றான். ஆனால் நாலைந்து மாதமாகவே படியேறினால் அவனுக்கு மூச்சு வாங்கியது என்றான். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பானாம். டாக்டரிடம் போ என்றால், போகலாம் போகலாம் என்பானாம்.

"அக்காகிட்டயாவது சொல்லுடான்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன். ரெண்டு மூணு தடவை சொல்லவும் ஆரம்பிச்சான். அப்புறம் விட்டுட்டான். நேர்ல வரேன்னு சொல்லியிருக்கு, வந்ததும் உக்கார வெச்சு சொல்லிக்கறேன்னுட்டான்."

அவளுக்கு ஒவ்வொரு தடவையும் நினைவு வந்தது. எதிரே பாஸ்போர்ட்டை நீட்டிக்கொண்டு நின்றவர்களின் முகம்கூட நினைவு வந்தது. அவன் அவள் பேச்சை நம்பியிருக்கிறான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இங்கேயே நில், வந்துவிடுகிறேன் என்று கடை வாசலில் நிறுத்திவிட்டுப் போனால், மழை வந்தாலும் நகராமல் அதே இடத்தில் நிற்பான்.

"உள்ள கொண்டு போறப்போ முழிச்சுட்டான்கா" என்றான் வெல்டர். "அக்கா வந்துட்டே இருக்குன்னு நீங்க சொன்னதைச் சொன்னேன். வாசலைப் பார்த்துட்டேதான் போனான்."

அவள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். அந்த நாலு மாடிக்கும் கேட்கிற மாதிரி அழுதாள். வெல்டர் கதவைச் சாத்திவிட்டு வெளியே படியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

நாலு மணி விமானத்தில் திரும்பினாள். டிக்கெட்டில் நாலு மணிக்குக் கிளம்பி ஏழேகாலுக்கு இறங்குவதாகப் போட்டிருந்தது. தலையணையை மேலே வைக்கச் சொன்னார்கள், முடியாது என்றாள். மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். வர்றப்ப ஏத்தம் என்று எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பாள்.

வேலைக்கு வந்த முதல் நாள் முதலாளி தன் நாற்காலியை அவள் மேஜைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நீ போயிருந்தாலும் விதியை மாற்றியிருக்க முடியாதம்மா என்று ஆறுதல் சொன்னார். அவள் தலையாட்டினாள். விதியை மாற்றவா அவள் போகப் பார்த்தாள்? அரை மணி நேரம் பக்கத்தில் உட்காரத்தானே கிளம்பினாள். அதை அவரிடம் சொல்லவில்லை. கடிகாரத்தைப் பற்றியும் யாரிடமும் சொல்லவில்லை. அது இன்னும் கையில்தான் இருந்தது, இன்னும் ஒரு மணி நேரம் பின்னால்தான் ஓடியது. முன்னால் திருப்ப அவளுக்குக் கை வரவில்லை. முதலாளியும் அதைக் கேலி செய்வதை விட்டுவிட்டார்.

சில வாரம் கழித்து ஒரு பெண் வந்தாள். கையில் குழந்தை, தோளில் பை. அண்ணன் அங்கே இருக்கிறானாம். பார்த்து நாலு வருடம் ஆயிற்றாம். கொஞ்ச நாளாக அவன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது, கேட்டால் ஒன்றுமில்லை என்கிறான் என்றாள். ஆனால் வீட்டுக்காரருக்கு இப்போது லீவு இல்லை, பெரிய பையனுக்குப் பரீட்சை வருகிறது. சும்மா விசாரித்துவிட்டுப் போகலாம் என்று வந்ததாகச் சொன்னாள். விசாரித்துவிட்டு, குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டே எழுந்தாள்.

"பரீட்சை முடியட்டும் டிக்கெட்டக்கா. ரெண்டு மணி நேரந்தானே, எங்க போயிடப் போகுது. கிட்டத்தானே இருக்கு?"

இத்தனை வருடமாக நாக்கு நுனியில் இருந்த கூப்பிடு தூரம் என்ற பதில் வழக்கம்போல வாய் வரைக்கும் வந்தது. அவள் அதை விழுங்கினாள். கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினாள்.

"இல்லம்மா, ரொம்ப தூரம்" என்றாள். "நாளைக்கு ஒரு சீட் இருக்கு. போடட்டுமா?"